இன்ஸ்டால் பழக எது தோது: லேப்டாப்பா, ரேக் சர்வரா, கிளவுடா?

கோவை காந்திபுரத்தில் ஆரக்கிள் 19சி டேட்டாபேஸ் இன்ஸ்டால் சொல்லித்தருகிறேன். புது பேட்ச் சேரும்போதெல்லாம் முதல் கேள்வி இதுதான்: "சார், எங்க லேப்டாப்பே போதுமுங்களா, கிளவுடு வேணுமுங்களா?"

லேப்டாப்பில் வர்ச்சுவல்பாக்ஸ் (மெஷினுக்குள் இன்னொரு மெஷின் ஓட்டும் சாஃப்ட்வேர்) என்றால் காசு செலவில்லை. அதைவிடப் பெரிய வசதி ஸ்னாப்ஷாட், அதாவது மெஷினின் அப்போதைய நிலையை அப்படியே சேமித்துவைப்பது. இன்ஸ்டால் பழகுவது என்றாலே கெடுத்துக் கெடுத்துத் திரும்பப் போடுவதுதான். ஜிப் ஃபைலைத் தப்பான இடத்தில் பிரித்துவிட்டாலும் கவலையில்லை, ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் பழைய மெஷின் கையில். சிக்கல் ரேமில். 8 ஜிபி லேப்டாப்பில் விண்டோஸும் குரோமும் பாதியைத் தின்றுவிடும். மிச்சத்தில் டேட்டாபேஸ் ஏறிவிடும். அதன் தலையில் வெப்லாஜிக் என்ற அப்ளிகேஷன் சர்வரையும் ஏற்றினால் மாட்டுவண்டிதான்.

சென்டரிலேயே பழைய ரேக் சர்வர் வாங்கிப் போடுவது இன்னொரு வழி. 128 ஜிபி ரேம் இருந்தால் ஆளுக்கு 6 ஜிபி வீதம் 20 பேருக்குப் பிரிக்கலாம். ஆனால் யுபிஎஸ், ஏசி, காதைப் பிளக்கும் ஃபேன் எல்லாம் நம் தலையில். சாயங்காலம் கோபிச்செட்டிபாளையத்துக்கு பஸ் ஏறும் பையன் வீட்டிலிருந்து அதைத் தொட வேண்டுமென்றால் அதற்குத் தனி ஏற்பாடு. எனக்கு இது ஒத்துவரவில்லை.

கிளவுடு, அதாவது இன்டர்நெட் வழியாக வாடகைக்கு எடுக்கும் மெஷின், தொல்லை தரும். அந்தத் தொல்லைதான் பாடம். அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில் லினக்ஸ் மெஷின் கிளப்பினால் பெரும்பாலும் ஸ்வாப் (ரேம் பத்தாதபோது டிஸ்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) இருக்காது. 8 ஜிபி மெஷினுக்கு இன்ஸ்டாலர் 8 ஜிபி ஸ்வாப் கேட்டு முறைக்கும். ஸ்வாப் ஃபைலைக் கையால் உருவாக்க வேண்டும். திரையில் ஜன்னலும் வராது, இன்ஸ்டாலர் கேட்பவற்றுக்குப் பதிலை முன்கூட்டியே ரெஸ்பான்ஸ் ஃபைலில் எழுதி சைலன்ட் மோடில் ஓட்ட வேண்டும். எல்லாம் முடிந்து வெளியிலிருந்து கனெக்ட் செய்தால் சுற்றிக்கொண்டே இருக்கும், கிளவுடின் ஃபயர்வாலான செக்யூரிட்டி குரூப்பில் டேட்டாபேஸின் 1521 போர்ட் திறந்திருக்காது. மெஷினை நிறுத்திக் கிளப்பினால் வெளியிலிருந்து கூப்பிடும் முகவரியான பப்ளிக் ஐபி மாறிவிடும், உள்ளுக்குள் இருக்கும் பிரைவேட் ஐபி மாறாது. பப்ளிக் ஐபியை எழுதிவைத்து கனெக்ட் செய்தவன் மறுநாள் முழிப்பான். வேலைக்குப் போகும் இடத்தில் இவை எல்லாமே வரும். லேப்டாப்பில் ஒன்றுகூடக் கண்ணில் படாது.

பயம் பில்தான், மெஷின் ஓடும் நேரத்துக்குக் காசு. வகுப்பு 2 மணி நேரம். அணைக்க மறந்தால் 24 மணி நேரம், அதாவது 12 மடங்கு. ஒரு வருஷம் பட்டிப் பொங்கலுக்கு ஊருக்குப் போன பேட்ச், ஆறு மெஷினை ஓடவிட்டே போய்விட்டது. கேட்டால், "அணைச்சுட்டுத்தானுங்க போனோம்" என்கிறார்கள். அணைத்தது, லேப்டாப்பிலிருந்து அந்த மெஷினுக்குள் நுழையும் அவரவர் புட்டி ஜன்னலை!

அணைப்பதிலும் வித்தியாசம் உண்டு. மைக்ரோசாஃப்ட்டின் கிளவுடான அஷ்யூரில் மெஷினுக்குள்ளிருந்து ஷட்டவுன் கொடுத்தால் மட்டும் போதாது. போர்ட்டலில் நிறுத்தி 'டீஅலோகேட்' ஆனால்தான் மீட்டர் நிற்கும். ஏடபிள்யூஎஸ்ஸில் உள்ளிருந்து அணைத்தாலும் வழக்கமான அமைப்பில் மெஷின் நின்றுவிடும், டிஸ்க் வாடகை மட்டும் ஓடும். நிலையான பப்ளிக் ஐபி வாங்கி வைத்திருந்தால் அதற்கும் தனிக் காசு.

இப்போது முதல் பத்து நாள் வர்ச்சுவல்பாக்ஸில்தான். ரேம் பத்தாதவர்கள் இருவராகச் சேர்ந்து உட்காருவார்கள். அப்புறம் கிளவுடு. ராத்திரி 9:30 ஆனால் எல்லா மெஷினையும் தானாக நிறுத்தும் ஸ்கிரிப்ட் ஒன்று ஓடும். 9:25க்கு வாட்ஸப்பில், "சார், இன்னும் பத்து நிமிஷம் குடுங்களேன்" என்று வரும். கொடுப்பதில்லை.