பேராசிரியர் படையா, கைக்கு எட்டும் சிறு குழுவா? அறுவை சிகிச்சை ரெசிடென்சி ஆசிரியர்கள்: ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் பொது அறுவை சிகிச்சை ரெசிடென்சிக்கு, அதாவது மருத்துவப் பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனையிலேயே பெறும் ஐந்து வருடப் பயிற்சிக்கு, விண்ணப்பிக்கிறவர்களில் பெரும்பாலோர் ஏதாவது ஒரு கட்டத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே நின்று குழம்புகிறார்கள். ஒரு பக்கம் பெரிய பல்கலைக்கழக மருத்துவமனை. கல்லீரலுக்குத் தனி ஆள், கணையத்துக்குத் தனி ஆள், தைராய்டுக்கு, மார்பகத்துக்கு, உறுப்பு மாற்றுக்கு என்று ஆசிரியர் பட்டியல் நீண்டுகொண்டே போகும். இன்னொரு பக்கம் கம்யூனிட்டி மருத்துவமனை, அதாவது அந்த வட்டார மக்களுக்கான சாதாரண மருத்துவமனை. மொத்தமாகவே கொஞ்சம் பேர்தான், அதிலும் பலர் காலையில் தங்கள் சொந்த நோயாளிகளுக்கு ஆபரேஷன் செய்துவிட்டு மதியம் கிளினிக்குக்கு ஓடுகிறவர்கள். பட்டியலை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போட்டியே இல்லை என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் எண்களைப் பாருங்கள். ஐந்து வருடப் பயிற்சி முடியும்போது ஒரு ரெசிடென்ட் குறைந்தது 850 பெரிய அறுவை சிகிச்சைகளைச் செய்திருக்க வேண்டும், அதில் 200 கடைசி வருடத்தில், சீஃப் ரெசிடென்டாக. ஹெர்னியா (குடலிறக்கம்) குறைந்தபட்சம் 85, பித்தப்பை மற்றும் பித்தநாளம் 85. கணையம் எவ்வளவு தெரியுமா? 5. கல்லீரலும் 5தான். ஆக, கணைய அறுவையில் பேர் பெற்ற ஒருவர் ஆசிரியராக இருக்கிறார் என்பதற்காகவே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுக்கிறவர், தன் ஐந்து வருடத்தின் மிகச் சிறிய துண்டை வைத்து மொத்தத்தையும் முடிவு செய்கிறார். ஹெர்னியாவையும் பித்தப்பையையும் குடல் அடைப்பையும் உங்களுக்கு யார் சொல்லித்தரப் போகிறார், எதிரே நின்றுகொண்டு எவ்வளவு தூரம் உங்கள் கையில் விடப் போகிறார் என்பதுதான் கேள்வி.

இந்தக் 'கையில் விடுவது' என்பதை அளக்க ஸ்விஷ் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது, நான்கே படிகள். முதல் படியில் ஆசிரியர் செய்து காட்டி விளக்குகிறார். இரண்டாவதில் நீங்கள் செய்கிறீர்கள், ஆனால் ஒவ்வொரு அடியிலும் அவர்தான் வழிநடத்துகிறார். மூன்றாவதில் வழியை நீங்கள் பிடிக்கிறீர்கள், அவர் நல்ல உதவியாளர் மாதிரி கூட வருகிறார். நான்காவதில் வெறும் மேற்பார்வை. சட்டப்படி பார்த்தாலும், மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் இருக்கும் நோயாளிக்குப் பில் போட வேண்டும் என்றால் அறுவையின் முக்கியமான கட்டத்தில் பொறுப்பு மருத்துவர் அறையில் இருந்தே ஆக வேண்டும், ஆகவே அந்தக் கட்டத்தில் உங்களைத் தனியாக விட்டுவிட்டு யாரும் போகப்போவதில்லை. நான்காவது படி என்பது பக்கத்திலேயே நின்றுகொண்டு, வாய் திறக்காமல், கையை நீட்டாமல் இருக்கத் தெரிந்த ஆசிரியரால் மட்டுமே கிடைப்பது. அது ஒரு தனித்திறமை, பேராசிரியர் பட்டத்தோடு சேர்ந்து வருவதில்லை.

இங்கேதான் சிறு குழு ஜெயிக்கிறது. அதே பத்துப் பன்னிரண்டு பேரோடு முதல் வருடத்திலிருந்து ஐந்தாம் வருடம் வரைக்கும் நிற்கிறீர்கள். போன வருடம் நீங்கள் திசுவைப் பிரித்த விதம், எங்கே அவசரப்பட்டீர்கள், எங்கே சரியாக நிறுத்தினீர்கள் எல்லாம் அவர்களுக்கு ஞாபகம் இருக்கும், அதனால் இந்த வருடம் இன்னும் ஒரு படி மேலே விட முடிகிறது. பல்கலைக்கழகத்தில் ஒரு சர்வீஸில் (சிகிச்சைப் பிரிவில்) ஒன்றிரண்டு மாதம், அப்புறம் வேறு சர்வீஸ், வேறு முகங்கள். போன இடத்தில் மூன்றாவது படி வரை ஏறியிருப்பீர்கள், புது ஆசிரியர் உங்களைத் தெரியாததால் மறுபடி முதல் படியில் கொண்டுவந்து நிறுத்துவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, மேஜையில் படுத்திருப்பது அவருடைய நோயாளி. வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற வரம்பு 2003லிருந்து இருக்கிறது. அந்த நேரத்தை நம்பிக்கை சம்பாதிப்பதிலேயே திரும்பத் திரும்பச் செலவழிப்பது பெரிய இழப்பு.

அப்புறம் ஃபெலோக்கள். பெரிய மருத்துவமனையில் ரெசிடென்சி முடித்துச் சிறப்புப் பயிற்சிக்கு வந்திருக்கிற ஃபெலோ இருந்தால் கடினமான கேஸ் அவருக்குத்தான் போகும், ரெசிடென்ட் திசுவை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நல்ல ஃபெலோ ஒருவர் பேராசிரியரைவிடப் பொறுமையாகச் சொல்லித்தருவதும் உண்டு. ஆனால் அவரும் கற்றுக்கொள்ள வந்தவர், ஒரு வருடமோ இரண்டு வருடமோ இருந்துவிட்டுப் போகிறவர், உங்கள் வளர்ச்சிக்கு அவர் பொறுப்பில்லை.

பல்கலைக்கழக ஆசிரியர்களின் பலத்தையும் சொல்லாமல் விடக்கூடாது, அது சின்ன விஷயமே இல்லை. ஒரு அறுவையை எப்போது செய்யக்கூடாது என்பதை அவர்களிடம் கற்பது போல வேறெங்கும் கற்க முடியாது. புற்றுநோய்க் கூட்டத்தில் கதிரியக்க நிபுணரும் நோய்க்குறியியல் நிபுணரும் எதிர்வாதம் வைக்க, அறுவை மருத்துவர் தன் முடிவை ஆதாரத்தோடு நிலைநிறுத்திக் காட்டுவதை வாராவாரம் பார்க்கிற ரெசிடென்டின் மூளை வேறு மாதிரி வளர்கிறது. சிக்கல்களையும் மரணங்களையும் அலசும் கூட்டங்களிலும் ஒரே கேஸைப் பல கோணத்தில் பிரித்துப் பார்க்க ஆள் இருக்கிறார்கள். சிறு குழுவில் அந்தக் கூட்டம் சில சமயம் நண்பர்கள் பேசிக்கொள்வது போல மென்மையாக முடிந்துவிடும். தினமும் ஒரே உணவறையில் உட்காருகிறவர்கள் ஒருவரை ஒருவர் கடுமையாகக் கேட்பது கஷ்டம்.

சிறு குழுவின் இன்னொரு ஆபத்து எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. அறுபது பேரில் ஒருவர் கத்துகிறவர், அவமானப்படுத்துகிறவர் என்றால் அவரை ஒரு மாதம் தாங்கிவிட்டு நகரலாம். பத்துப் பேரில் ஒருவர் அப்படி என்றால் உங்கள் பயிற்சியில் பத்தில் ஒரு பங்கு அவர், அதுவும் ஐந்து வருடமும். பழைய முறையையே பிடித்துக்கொண்டிருக்கிறவர் இருந்தாலும் இதே கதைதான்: ஒரே ஒரு பாணியைக் கற்றுக்கொண்டு, அதுதான் உலகம் என்று நினைத்து வெளியே வருவீர்கள்.

இந்த ரெசிடென்சி முறை தொடங்கிய இடத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். 1889ல் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் உருவாக்கிய பயிற்சியில் பொறுப்பு படிப்படியாகக் கூடியது, ஆனால் அது பிரமிடு: பலர் நுழைவார்கள், உச்சிக்குப் போகிறவர் ஒருவர். பிறகு மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் எட்வர்ட் சர்ச்சில், சேர்ந்தவர்கள் எல்லோரும் முழுமையாக முடித்து வெளியேறும் அமைப்பைக் கொண்டுவந்தார். எல்லோரையும் தேற்ற வேண்டும் என்று வந்த பிறகு ஆசிரியரின் வேலையே மாறிவிட்டது, சிறந்தவரைப் பொறுக்கி எடுப்பது போதாது, தடுமாறுகிறவரையும் கைதூக்கிவிட வேண்டும். எந்த ஆசிரியர் குழுவையும் நான் எடைபோடுவது, அங்கே இருப்பதிலேயே மெதுவாகக் கற்கிற ரெசிடென்டுக்கு என்ன நடக்கிறது என்பதை வைத்துத்தான்.

நடுவழியும் உண்டு. பல்கலைக்கழகத்தோடு இணைந்த கம்யூனிட்டி மருத்துவமனைகள், அல்லது முன்னாள் படைவீரர் மருத்துவமனைக்கும் ரெசிடென்டுகளை அனுப்புகிற பல்கலைக்கழகங்கள். படைவீரர் மருத்துவமனைகளில் ரெசிடென்டுக்கு அதிகம் விடுவார்கள் என்று ஒரு பெயர் உண்டு. இணைப்பு என்பது லெட்டர்ஹெட்டில் மட்டுமா, ஆசிரியர்கள் உண்மையிலேயே வந்து போகிறார்களா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

என் தேர்வு இதுதான்: பொது அறுவை மருத்துவராக வேலை பார்ப்பதுதான் எண்ணம் என்றால் நல்ல சிறு குழு, தயங்கவே வேண்டாம். குழந்தைகள் அறுவை, புற்றுநோய் அறுவை மாதிரி கடும் போட்டியுள்ள ஃபெலோஷிப், அல்லது ஆராய்ச்சி வாழ்க்கைதான் கனவு என்றால் பல்கலைக்கழகம். அங்கே ஆராய்ச்சிக்காக ஒன்றிரண்டு வருடம் கூடுதலாகப் போகலாம் என்பதையும், ஆய்வில் உங்களைக் கூட்டிக்கொண்டு போக நேரம் வைத்திருக்கும் ஒரு ஆசிரியர் உண்டா என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

நேர்காணல் நாளில் ஐந்தாம் வருட ரெசிடென்டைத் தனியாகப் பிடித்து, "கடைசியாக ஒரு ஜூனியருக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்துச் செய்ய வைத்த கேஸ் எது, அப்போது கூட நின்ற ஆசிரியர் யார்?" என்று கேளுங்கள். பயிற்சி முடிக்க இப்படிப்பட்ட கேஸ்கள் குறைந்தது 25 வேண்டும், ஆசிரியர் இரண்டு அடி பின்னால் போய் நின்றால்தான் அது நடக்கும். மூன்று பேரிடம் கேட்டு மூன்று பேரும் அதே இரண்டு பெயரைச் சொன்னால், அச்சடித்த பட்டியலில் அறுபது பேர் இருந்தாலும் அந்தப் பயிற்சித் திட்டத்தின் ஆசிரியர்கள் அந்த இரண்டு பேர்தான். அடுத்த கேள்வி, அந்த இரண்டு பேரும் நீங்கள் முடிக்கும் வரை அங்கே இருப்பார்களா என்பது.