கொரிய மொழி: முதலில் எழுத்தா, சொல்லா?

கொரிய மொழியைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஹங்குல் எழுத்துகளை முழுதாகக் கற்றபின் சொற்களுக்குப் போவது. மற்றொன்று, எழுத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வணக்கம், நன்றி, தண்ணீர், எவ்வளவு போன்ற சொற்களை ஆங்கில எழுத்திலோ தமிழ் எழுத்திலோ குறித்து மனப்பாடம் செய்வது. நான் முதல் வழியில் போனேன். யார் கேட்டாலும் அதையே சொல்கிறேன்.

இரண்டாம் வழியின் நன்மை வெளிப்படையானது: உடனே பேசலாம். முதல் நாள் மாலையே நான்கு வாக்கியம் வாயில் வந்துவிடும். அந்த உற்சாகம் சிறிய விஷயம் அல்ல.

எழுத்து வழிக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். ஆனால் அதிகப் பொறுமை தேவைப்படாது. மன்னர் செஜோங் 1443-இல் உருவாக்கி 1446-இல் வெளியிட்ட எழுத்து முறை இது. அறிவாளி ஒரு காலைப்பொழுதுக்குள் கற்றுவிடுவான், மந்தமானவனும் பத்து நாளில் கற்றுவிடுவான் என்று அக்காலத்து விளக்க நூலே சொல்கிறது. இன்று அடிப்படை எழுத்துகள் 24: மெய் 14, உயிர் 10. இரட்டித்தவற்றையும் கூட்டெழுத்துகளையும் சேர்த்தால் 40. நம் 247-ஐப் பழகிய கண்ணுக்கு இது பெரிய சுமையல்ல. மெய்யின் வடிவமே அதை ஒலிக்கும் முறையைக் காட்டுகிறது. 'ந' ஒலிக்கான எழுத்து, மேலண்ணத்தைத் தொடும் நாக்கின் வடிவம். 'ம' ஒலிக்கானது மூடிய வாயின் சதுரம். 'க', 'த' போன்றவற்றின் எழுத்தில் ஒரு கோடு கூட்டினால் அதே ஒலி மூச்சோடு வரும். மெய்யும் உயிரும் கூடி ஓர் அசைக்கட்டம் ஆவதும் நமக்குப் புதிதல்ல. நம் உயிர்மெய்யில் மறைந்துபோகும் உறுப்புகள் அங்கே கட்டத்துக்குள் தனித்தனியாகத் தெரிகின்றன என்பதே வேறுபாடு.

ஆங்கில எழுத்தில் படிப்பதை நான் வேண்டாம் என்பதற்கு முதல் காரணம் உயிர் ஒலிகள். நாம் ஹூண்டாய் என்கிற பெயர் கொரியர் வாயில் ஏறக்குறைய ஹ்யொந்தே. சியோல் என்று நாம் எழுதும் நகரம் அங்கே இரண்டே அசை, 'சொ', 'உல்'. ஆங்கில வழியாக வந்ததால்தான் இந்தத் திரிபு. அதோடு, தென் கொரிய அரசு 2000-இல் ஆங்கில எழுத்துப்பெயர்ப்பு முறையையே மாற்றியது. பழைய நூலும் புதிய நூலும் ஒரே சொல்லை இரு விதமாகக் காட்டும்.

தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்வது அதைவிட மேல். சொல்லின் முதலில் வல்லோசையாகவும் உயிர்களுக்கு இடையில் மெல்லோசையாகவும் ஒரே எழுத்து ஒலிக்கும் வழக்கம் இரு மொழிக்கும் பொது. நம் 'க' செய்வதையே அவர்களின் 'க' செய்கிறது. ஆங்கிலக்காரர்கள் திணறும் ஓர் உயிரொலி நமக்குக் குற்றியலுகரமாகப் பழகியதுதான். 'பந்து', 'காடு' என்பவற்றின் கடைசி உகரத்தைச் சொல்லிப் பாருங்கள். ஆனால் நிலவு, மகள், முகமூடி ஆகிய மூன்றையும் குறிக்கும் கொரியச் சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றும் 'தல்' ஆகிவிடும். சாதாரண, இறுக்கமான, மூச்சோடு வரும் 'த' மூன்றையும் பிரிக்க நம்மிடம் எழுத்து இல்லை. ஹங்குலில் மூன்றுக்கும் மூன்று எழுத்து.

இவை எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம். என்னை முடிவெடுக்க வைத்தது வேறு: சொற்கள் சேரும்போது நடப்பது. அசையின் அடியில் வரும் மெய்யைப் பட்சிம் என்கிறார்கள். அடுத்து வரும் ஒலியைப் பொறுத்து அது மாறி ஒலிக்கும். கொரிய நாட்டின் பெயர் 'ஹன்குக்'. 'மொழி' என்னும் பொருளில் 'மல்' சேர்த்தால் வாயில் வருவது 'ஹன்குங்மல்'. அதே பொருளில் 'ஒ' சேர்த்தால் 'ஹன்குகொ', நடுவில் உள்ள ககரம் மெலிந்து ஒலிக்கும். காதால் கேட்டுக் குறித்தவரின் நோட்டில் இவை மூன்று தனிச் சொற்கள். ஹங்குலில் எழுதினால் 'ஹன்குக்' என்னும் இரு கட்டமும் மூன்றிலும் அப்படியே நிற்கும்.

நமக்கும் புணர்ச்சி உண்டு. பல்லும் பொடியும் சேர்ந்தால் பற்பொடி என்று மாறிய ஒலியையே எழுதுகிறோம். கொரியர் சொல்லின் உருவத்தை எழுத்தில் காப்பாற்றி, மாற்றத்தை வாய்க்கு விட்டுவிடுகிறார்கள். நன்றி சொல்லும்போது 'கம்சஹம்னிதா' என்கிறார்கள்; நடுவில் 'ஹம்' என்று ஒலிக்கும் கட்டத்தை எழுதுவது 'ஹப்'. அந்தப் பகரம் கண்ணில் பட்டவருக்கு, மரியாதைக்குரிய மற்ற வினைமுற்றுகளும் இதே வார்ப்பு என்பது உடனே விளங்கும். 'ஹம்' என்று மனப்பாடம் செய்தவர் ஒவ்வொன்றையும் தனியாகச் சுமக்க வேண்டும்.

இன்னொரு சான்று: அரிவாள், பகல், முகம். மூன்றும் தனியே நின்றால் 'நத்' என்றே ஒலிக்கும். எழுவாய் உருபான 'இ' சேர்ந்ததும் 'நஷி', 'நஜி', 'நச்சி' எனப் பிரியும். எழுத்தில் முதலிலிருந்தே அடிமெய் மூன்றும் வேறு. அதனால் உருபு சேரும்போது வியப்பு எதுவும் இல்லை. ஒலியை மட்டும் சேமித்தவர் நூறு, இருநூறு சொல்வரை சமாளிப்பார். உருபுகள் வந்ததும் பழைய பட்டியலைத் திரும்ப எழுத வேண்டிவரும். எங்கள் வகுப்பில் அப்படி எழுதியவர்கள் உண்டு. அந்த இரட்டை உழைப்புதான் வேகமான வழியின் உண்மையான விலை.

எழுத்து வந்ததும் என்ன படிப்பது என்பதில் பெரிய தகராறு இல்லை. பஸ், டாக்ஸி, காபி, ஐஸ்கிரீம், கம்ப்யூட்டர் போன்ற இரவல் சொற்களை ஹங்குலில் வாசித்துப் பழகலாம். பொருள் முன்பே தெரிந்திருப்பதால் கண் எழுத்தில் மட்டும் நிற்கும். எண்கள் இரண்டு வரிசை: 'ஹனா, துல், செத்' என்பது நாட்டு வழக்கு, 'இல், இ, சம்' என்பது சீன வழி வந்தது. வயதுக்கும் மணிக்கும் முதலாவது, பணத்துக்கும் நிமிடத்துக்கும் இரண்டாவது. ஒரே நாளில் இரண்டையும் தொடாதீர்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எழுத்து கண்ணைத்தான் திருத்துகிறது. இறுக்கமான 'த'வையும் சாதாரண 'த'வையும் காதால் பிரிப்பதில் எனக்கு இன்னும் உறுதி இல்லை. முதலிலிருந்தே கேட்டுப் பேசிப் பழகியவர்கள் அதில் முந்தியிருக்கக்கூடும். ஆகவே எழுத்தைப் படிக்கும்போதே ஒலிப்பதிவையும் கூடவே கேளுங்கள்.

கொரிய மொழித் திறனைச் சோதிக்கும் டாபிக் (TOPIK) தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் யோசிக்கவே வேண்டியதில்லை. காகிதத்தில் எழுதும் தொடக்க நிலைத் தேர்வில் கேட்டல் 30, வாசிப்பு 40 என மொத்தம் 70 கேள்விகள். வினாத்தாள் ஹங்குலில்தான் இருக்கும். 200-க்கு 80 எடுத்தால் முதல் நிலை, 140 எடுத்தால் இரண்டாம் நிலை. ஒரு வாரம் சியோலைச் சுற்றிப் பார்த்துத் திரும்புபவருக்கு மட்டும் என் பரிந்துரை மாறும். சுரங்க ரயில் நிலையப் பெயர்ப் பலகைகளில் ஆங்கிலமும் உண்டு. அவர் பத்துச் சொற்களைத் தமிழில் எழுதி எடுத்துப்போனாலே போதும்.