பல்லாரட் போகிறீர்களா? பில்லை வாசித்துவிட்டு அட்டையைத் தட்டுங்கள்

மெல்பர்னிலிருந்து ஊர் உறவுகளை அழைத்துக்கொண்டு, 1850களில் தங்க வேட்டை நடந்த விக்டோரியா ஊரான பல்லாரட் போகும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தக் காலத்து ஊரை அப்படியே அமைத்துக் காட்டும் சொவரின் ஹில் அருங்காட்சியகத்தில் தங்கம் அரித்து, லிடியார்ட் தெருவின் பழைய கட்டடங்களைப் பார்த்து, ஏரிக்கரையில் நடந்து வருவதற்கு அருமையான ஊர். ஊர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. குறையெல்லாம் "தங்க வேட்டைக் காலச் சாப்பாடு" என்று பலகை மாட்டிக்கொண்டு பணம் பறிக்கும் ஒரு மாதிரிக் கடைகள்மேல்தான். எங்களுக்கு வாய்த்த கடையின் பெயரை எழுதப் போவதில்லை. அந்த வித்தைகள் அந்த ஒரு கடையோடு நிற்பவையும் அல்ல. என்ன செய்தார்கள் என்பதைச் சொன்னால் எங்கே பார்த்தாலும் உங்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும்.

மார்ச் மாதம், தொழிலாளர் தின நீண்ட வார இறுதி. அந்த நாட்களில்தான் அங்கே பிகோனியா மலர் விழாவும் நடக்கும் என்பதால் ஊர் நிரம்பி வழியும். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அத்தையையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தோம். மதியம் ஒன்றரை மணிக்குப் பசி. வாசலில் விளக்கு, மண்வெட்டி, தங்கம் அரிக்கும் தட்டு என்று அலங்கரித்திருந்த ஒரு கடையில் இடம் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் வரிசை நிற்கும்போது இங்கே மட்டும் ஏன் இடம் இருக்கிறது என்று என் மனைவி கேட்டாள். பசித்த குழந்தைகளைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு யார் விடை தேடுவது?

விலைப்பட்டியலை மரப்பலகையில் செருகிக் கொடுத்தார்கள். ஓரம் கருகிய மாதிரிப் பழுப்புத் தாள், சுருள் எழுத்து. பின்பக்கத்தில் 1858இல் பேக்கரி ஹில்லில் கிடைத்த 'வெல்கம்' தங்கக் கட்டியின் கதை, எடை கிட்டத்தட்ட 69 கிலோ என்று சரியாகவே அச்சிட்டிருந்தார்கள். முன்பக்கத்தின் அடியில், தங்க நிற எழுத்தில், பழுப்புத் தாளோடு கலந்துபோகிற மாதிரி ஒரு வரி: பொது விடுமுறை நாட்களில் 15 விழுக்காடு கூடுதல். தாள் அழகாக இருக்கிறதே என்று மனைவி அதைப் படம் எடுத்து வைத்தாள். பின்னால் எங்களுக்குக் கைகொடுத்தது அந்தப் படம்தான்.

அத்தை சுத்த சைவம். பூசணி சூப்புக்குப் பக்கத்தில் 'வி' என்று போட்டிருந்தது. பரிமாற வந்த இளைஞரிடம் "இது சைவம்தானே?" என்று கேட்டேன். "ஆமாம்" என்றார். சூப் வந்தது. அத்தை இரண்டு கரண்டி குடித்துவிட்டு, "ஏண்டாப்பா, இதுல கோழி வாசனை அடிக்கறதே" என்றார். மறுபடி கூப்பிட்டுக் கேட்டதும் சமையலறைக்குள் போய்விட்டு வந்து, "கோழிச் சாறு சேர்த்துத்தான் காய்ச்சுகிறோம், முன்கூட்டியே சொன்னால் சேர்க்காமல் செய்து தருவோம், 'வி' என்றால் அதுதான் அர்த்தம்" என்று விளக்கம் சொன்னார். தாளைத் திருப்பிப் பார்த்தால், தங்கக் கட்டி கதைக்குக் கீழே, அதே பொடி எழுத்தில் அந்த விளக்கமும் இருந்தது. சரி, குழந்தைகளின் சிப்ஸையாவது அத்தை கொறிக்கட்டும் என்று எந்த எண்ணெய் என்று விசாரித்தால், மாட்டுக் கொழுப்பு. பழைய காலத்து முறையாம், அதில்தான் ருசியாம். ருசி இருக்கலாம், ஆஸ்திரேலியாவில் சில பப்களில் இன்றும் அப்படித்தான் பொரிக்கிறார்கள். ஆனால் கேட்காமல் யாரும் சொல்வதில்லை. எனவே சைவம் சாப்பிடுபவர்கள் "சைவமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். சூப்பில் என்ன சாறு, பொரிப்பது எந்தக் கொழுப்பில், கிரேவி எதில் செய்தது என்று தனித்தனியாகக் கேளுங்கள். அத்தை அன்று முழுக்கக் கைப்பையில் இருந்த முறுக்கையும் வாழைப்பழத்தையும் வைத்துச் சமாளித்தார். சூப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னோம். எடுத்துக்கொண்டார்கள், பில்லிலிருந்து எடுக்கவில்லை.

அடுத்தது இஞ்சி பீர். "தங்க வேட்டைக்காரர்கள் குடித்த முறைப்படி எங்கள் கடையிலேயே ஊறவைத்தது" என்று பட்டியலில் இருந்தது. எனாமல் குவளை ஒன்று 11 டாலர். மூன்று வாங்கினோம். மாமாவுக்குச் சர்க்கரை வியாதி, எவ்வளவு இனிப்பு போடுகிறார்கள் என்று கேட்பதற்காக எழுந்து கவுன்டர் பக்கம் போனார். பின்னாலேயே நானும் போனேன். கவுன்டருக்குக் கீழே குனிந்து, சூப்பர்மார்க்கெட்டில் விற்கும் ஒன்றேகால் லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து அந்தப் பெண் குவளைகளை நிரப்பிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பாட்டிலைக் காலால் உள்ளே தள்ளினார். மாமா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1854 வரை அந்தத் தங்கத் திடல்களில் மது விற்கத் தடை இருந்தது. அதனால் வெளியே காபிக் கூடாரம் மாதிரிக் காட்டிக்கொண்டு உள்ளே கள்ளச்சாராயம் ஊற்றினார்கள். அந்த வகையில் பார்த்தால் எங்கள் கடை மரபைக் காப்பாற்றியது என்றே சொல்ல வேண்டும்.

குழாய்த் தண்ணீர் கேட்டோம். "பாட்டில்தான் இருக்கிறது" என்றார்கள். 10 டாலர். இது தெரியாதவர்களுக்கு: விக்டோரியாவில் மது விற்கும் உரிமம் வைத்து அங்கேயே குடிக்க அனுமதிக்கும் இடங்கள் குடிதண்ணீரை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். அந்தக் கடையில் பீர் குழாய் இருந்தது, உரிமமும் சுவரில் தொங்கியது. அப்படியும் பாட்டிலைத்தான் கொண்டுவந்து வைத்தார்கள். அப்புறம் பீர் என்றதும் ஒரு சின்னக் குறிப்பு. விக்டோரியாவில் 'பாட்' என்றால் 285 மில்லி, 'பைன்ட்' என்றால் 570. "ஒரு பீர்" என்று மட்டும் கேட்காமல் அளவையும் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது பில். சாப்பாடும் பானமும் சேர்ந்து 168 டாலர். அதற்குக் கீழே 15 விழுக்காடு விடுமுறைக் கட்டணம், 25 டாலர் 20 சென்ட். இன்று ஞாயிறு, பொது விடுமுறை நாளை திங்கள்தானே என்று கேட்டேன். "நீண்ட வார இறுதி என்றால் மூன்று நாளும்தான்" என்று பதில் வந்தது. பட்டியலில் அப்படி எழுதியிருக்கிறதா என்றால், மேலாளர் ஊரில் இல்லை என்றார்கள். அட்டையை நீட்டியதும் அதற்கு மேல் இன்னொரு 2.4 விழுக்காடு. ரொக்கமாகத் தருகிறேன் என்றால் ரொக்கம் வாங்குவதில்லையாம். கடைசியில் இயந்திரத்தின் திரையில் டிப்ஸுக்குப் பெரிய பொத்தான்கள், 'வேண்டாம்' என்பது மட்டும் மூலையில் எறும்பு மாதிரி. அதைத் தேடிப் பிடித்து அழுத்தினேன். மொத்தம் 197 டாலர் 84 சென்ட், அத்தை சாப்பிடாத சூப்பையும் சேர்த்து.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பல பேர் கவனிப்பதில்லை. உணவகங்கள் குறிப்பிட்ட நாட்களில் கூடுதல் வசூலிக்கலாம், அதில் தப்பில்லை, விடுமுறை நாளில் ஊழியருக்குக் கூடுதல் சம்பளம் தர வேண்டியிருக்கிறது. ஆனால் எந்த நாள், எத்தனை விழுக்காடு என்பதை விலைப்பட்டியலிலேயே, விலைகள் தெரிகிற அளவுக்குத் தெளிவாகப் போட வேண்டும். அட்டைக் கட்டணமும் அப்படித்தான். அட்டை வாங்குவதற்குக் கடைக்கு எவ்வளவு செலவாகிறதோ அதற்கு மேல் வாங்கக்கூடாது. வழக்கமாக டெபிட் அட்டைக்கு ஒரு விழுக்காட்டுக்குள்ளும், விசா, மாஸ்டர் கிரெடிட் அட்டைகளுக்கு ஒன்று, ஒன்றரைக்குள்ளும் அடங்கிவிடும். கூடுதல் கட்டணமின்றிப் பணம் செலுத்த வேறு வழியே இல்லை என்றால், அந்தக் கட்டணத்தைப் பட்டியல் விலையிலேயே சேர்த்துக் காட்டியிருக்க வேண்டும். நாங்கள் போனபோது இருந்த விதிகள் இவை. ஊரிலிருந்து வருபவர்களுக்கு இன்னொன்று: இங்கே பட்டியல் விலையில் 10 விழுக்காடு ஜிஎஸ்டி ஏற்கெனவே அடக்கம். டிப்ஸ் கட்டாயமும் இல்லை. "வரி தனி" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

வீட்டுக்கு வந்து பில்லின் படத்தையும் பட்டியலின் படத்தையும் இணைத்துக் கடைக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அடுத்த முறை வந்தால் 20 டாலர் தள்ளுபடி தருகிறோம் என்று பதில் போட்டார்கள். அடுத்த முறையா! தள்ளுபடி வேண்டாம், ஞாயிறன்று விடுமுறைக் கட்டணம் வாங்கியதைப் பற்றி விக்டோரியா நுகர்வோர் விவகாரத் துறைக்கும், அட்டைக் கட்டணத்தைப் பற்றி வணிகப் போட்டியையும் நுகர்வோர் உரிமையையும் கவனிக்கும் மத்திய அரசின் ஏசிசிசி ஆணையத்துக்கும் எழுதப் போகிறேன் என்று பதில் அனுப்பினேன். 25 டாலர் 20 சென்ட் மட்டும் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்தது. சூப், இஞ்சி பீர், தண்ணீர், அட்டைக் கட்டணம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. புகாரை அனுப்பிவிட்டேன்.

இதே ஊரில்தான், தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மாதம் ஒரு பவுண்டு உரிமக் கட்டணம் கட்டு என்று அரசாங்கம் நெருக்கியபோது, 1854 டிசம்பர் 3ஆம் தேதி யுரேகா வேலியடைப்பில் தொழிலாளர்கள் துப்பாக்கிகளை எதிர்த்து நின்றார்கள். அடுத்த வருடமே அந்தக் கட்டணம் போய், வருடத்துக்கு ஒரு பவுண்டு என்றானது. அந்த வீரக் கதையை ஓவியமாக வரைந்து மாட்டிய சுவருக்குக் கீழே உட்கார வைத்துத்தான் எங்களிடம் 15 விழுக்காடு வாங்கினார்கள்.

சரி, அப்படியானால் எங்கே சாப்பிடுவது? ஊர்க்காரர்கள் மாலையில் சாப்பிடப் போவது பெரும்பாலும் ஆர்ம்ஸ்ட்ராங் தெரு வடக்குப் பக்கம். பீட்ஸா, பீர் கூடம், கஃபே என்று அடுத்தடுத்து இருக்கும், அலங்காரம் குறைவு, பட்டியல் வாசலிலேயே ஒட்டியிருக்கும். பழைய கட்டடத்தில் உட்கார்ந்து குடிக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் லிடியார்ட் தெருவில் கிரெய்க்ஸ் ராயல் ஹோட்டல் இருக்கிறது. 1850களில் தொடங்கிய இடம், மார்க் ட்வெய்ன் 1895இல் தங்கியதாகச் சொல்வார்கள். மலிவு அல்ல, ஆனால் வேஷம் இல்லை, உண்மையாகவே அந்தக் காலத்துக் கட்டடம். சொவரின் ஹில்லுக்குள் போவதாக இருந்தால் உள்ளேயே பேக்கரியில், மாவுக்குள் பூரணம் வைத்துச் சுட்ட 'பை'யும் 'பாஸ்டி'யும் வாங்கிச் சாப்பிட்டுக்கொள்ளலாம். சைவப் பாஸ்டி இருக்கிறதா, உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று அங்கேயும் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே ஓடையில் தங்கம் அரிப்பதற்கு நுழைவுச் சீட்டுக்கு மேல் காசு இல்லை, கிடைத்த துகள் உங்களுக்கே. ஆகவே வெளியே யாராவது "சாப்பாட்டோடு தங்கம் அரிக்கும் தட்டு" என்று தனியாகக் காசு கேட்டால் கைகூப்பிவிட்டு நகருங்கள்.

தங்க வேட்டைக் காலச் சாப்பாடு என்றாலே ஆங்கிலேயரின் 'பை' மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். 1850களிலேயே மெயின் ரோட்டில் ஜான் அலூ என்ற சீனர் உணவகம் நடத்தினார். எஸ். டி. கில் என்ற ஓவியர் அதை வரைந்து வைத்திருக்கிறார். அந்தப் பட்டியலின் பின்பக்கத்தில் அவருக்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.

குழந்தைகள், பெரியவர்கள், சைவர்கள் என்று கலந்த கூட்டமாகப் போனால் என் யோசனை இதுதான். வீட்டிலிருந்தே புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு வென்டூரி ஏரிக்கரைக்குப் போய்விடுங்கள். எதிரிலேயே தாவரவியல் பூங்கா, புல்தரை, மேசைகள் எல்லாம் உண்டு. மார்ச்சிலேயே காற்று சில்லென்று அடிக்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில்தான் சாப்பிடுவது என்றால் மதியம் இரண்டுக்குள் உட்கார்ந்துவிடுங்கள். மெல்பர்ன் மாதிரி எந்த நேரமும் அடுப்பு எரிவதில்லை. இரண்டு, இரண்டரைக்குச் சமையலறையை மூடிவிடும் கடைகள் நிறைய, திங்கள், செவ்வாயில் திறக்காத கடைகளும் உண்டு. நீண்ட வார இறுதியில் போவதாக இருந்தால் இரண்டு நாள் முன்னாடியே தொலைபேசியில் மேசை பிடித்து, "ஞாயிற்றுக்கிழமை கூடுதல் கட்டணம் உண்டா?" என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். உட்கார்ந்ததும் பட்டியலை இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால், பில்லைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்து, ஏசிசிசிக்கு ஒரு புகார் அனுப்பிவிடுங்கள். இணையத்தில் பத்து நிமிட வேலைதான்.