ஆதார் இ-சைன்: சட்ட வலுவும் சேவை சொல்லாத எல்லைகளும்

வீட்டு வாடகை ஒப்பந்தம், வேலை நியமனக் கடிதம், கடன் விண்ணப்பம் போன்றவற்றில் கையொப்பமிட ஆதார் எண்ணையும் கைபேசிக்கு வரும் ஓடிபியையும் கொண்டு இணையத்திலேயே கையொப்பமிடும் ஆதார் இ-சைன் சேவையைப் பயன்படுத்தி வருகிறேன். சட்டத்தின் முன் இந்தக் கையொப்பம் நிற்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எந்த ஆவணத்தில் நிற்காது என்பதைச் சேவை வழங்குவோர் வாய் திறந்து சொல்லாதது பெரிய குறை.

இதன் அடித்தளம் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். கையொப்பம் வேண்டும் என்று சட்டம் கேட்கும் இடத்தில், அரசு வகுத்த முறையிலான மின்னணுக் கையொப்பமே போதும் என்கிறது அதன் 5ஆம் பிரிவு. தொடக்கத்தில் டிஜிட்டல் கையொப்பத்துக்கு மட்டுமே ஏற்பு இருந்தது. 2008 திருத்தம் மற்ற மின்னணு முறைகளுக்கும் வழிவிட, 2015இல் ஆதார் இ-கேஒய்சி (மின்னணு வழி அடையாளச் சரிபார்ப்பு) வழிக் கையொப்பம், ஏற்கப்பட்ட முறைகளைப் பட்டியலிடும் அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. ஆடிட்டர் அலுவலகத்தில் யுஎஸ்பி டோக்கனாக (கணினியில் செருகும் சிறு கருவியாக) பத்திரப்படுத்தப்பட்டிருந்த வசதி கைபேசியும் ஆதாரும் உள்ள எவருக்கும் கிட்டியது அப்போதுதான். கையெழுத்தைப் படம் பிடித்து வேர்டு கோப்பில் ஒட்டுவதை இதற்கு இணையாகக் கருதுவோர் பலர் உண்டு. அப்படிச் செய்த ஒப்பந்தம் செல்லாமல் போய்விடாது. ஆனால் இட்டவர் யார் என்ற கேள்வி எழுந்தால் நிறுவ வேண்டிய சுமை முழுவதும் உங்கள் தலையில் விழும்.

சேவையின் உட்பணி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆவணம் முழுவதும் சான்றளிக்கும் அமைப்புக்குப் போவதில்லை. அதிலிருந்து கணக்கிடப்பட்ட ஹேஷ், அதாவது ஆவணத்தின் கைரேகை போன்ற ஒரு சிறு குறியீடு, மட்டுமே போகிறது. ஆதாருடன் இணைந்த எண்ணுக்கு வரும் ஓடிபியை உள்ளிட்டதும், அந்த ஒரு கையொப்பத்துக்கென்றே சாவி (கையொப்பத்தை உருவாக்கும் இரகசிய எண்) உருவாக்கப்பட்டு, வேலை முடிந்தவுடன் அழிக்கப்படுகிறது. அந்தச் சாவி உங்களுடையதென்று உறுதிசெய்யும் சான்றிதழின் ஆயுள் 30 நிமிடந்தான். அதற்குள் இடப்பட்ட கையொப்பம் பின்னரும் செல்லும். கோப்பில் ஓர் எழுத்தை மாற்றினாலும் சரிபார்ப்பில் அது தெரிந்துவிடும்.

என் மனத்தாங்கலுக்கு வருகிறேன். நான் பயன்படுத்திய ஒரு தளத்தில் பொது அதிகாரப் பத்திரத்துக்கும் (பவர் பத்திரம்) உயிலுக்கும் மாதிரிப் படிவங்கள் இருந்தன. இரண்டின் அடியிலும் அதே கையொப்பப் பொத்தான். உயில், அறக்கட்டளை ஆவணம், அதிகாரப் பத்திரம் ஆகியவற்றை மின்னணுக் கையொப்பம் செல்லாதவை என்று சட்டத்தின் முதல் அட்டவணை விலக்கி வைத்திருக்கிறது. 2022 திருத்தம் ரிசர்வ் வங்கி போன்ற ஒழுங்குமுறை அமைப்புகளின் கீழுள்ள நிறுவனங்களுக்கு எழுதித்தரும் அதிகாரப் பத்திரத்துக்கு மட்டும் இந்தத் தடையை நீக்கியதே தவிர, ஊரிலுள்ள நிலத்தைப் பார்த்துக்கொள்ளத் தம்பிக்கு எழுதித் தருவதற்கு அல்ல. தந்தையின் உயிலை இப்படி முடித்துவிட்டு நிம்மதியாக இருக்கும் குடும்பத்துக்கு, அவர் காலமான பிறகே உண்மை தெரியவரும். அப்போது திருத்திக்கொள்ள வழியே இருக்காது. ஒரே ஒரு எச்சரிக்கை வரி போதும், அதுகூட அங்கே இல்லை.

முத்திரைத் தீர்வையும் தனி விஷயம். இ-சைன் இட்டதால் தீர்வை கழிந்துவிடாது. போதிய தீர்வை செலுத்தாத ஒப்பந்தத்தைத் தண்டம் கட்டாமல் நீதிமன்றத்தில் சான்றாக வைக்க முடியாது. இ-ஸ்டாம்பு தாளையும் சேர்த்துத் தரும் தளங்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையாக இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகத்தான் வேண்டும்.

இன்னொரு சிக்கல், அடோபி ரீடரில் கோப்பைத் திறக்கும்போது பல கணினிகளில் கையொப்பத்தின் மேல் மஞ்சள் கேள்விக்குறி தோன்றுவது. பயனருக்குப் பதற்றம் வருவது இயல்பே. ஆயினும் அது கையொப்பத்தின் பழுதன்று. மற்றச் சான்றிதழ்களுக்கு அடிப்படையான, இந்தியச் சான்றளிப்புக் கட்டுப்பாட்டாளரின் மூலச் சான்றிதழை அந்த மென்பொருள் இன்னும் நம்பவில்லை என்பதே பொருள். கையொப்பப் பண்புகளில் அதை நம்பகப் பட்டியலில் சேர்த்து மீண்டும் சரிபார்த்தால் பச்சைக் குறி வந்துவிடும். இந்த விளக்கத்தைக் கோப்புடன் அனுப்பும் தளம் எதையும் நான் பார்க்கவில்லை. அச்சிட்ட தாளில் இந்தச் சரிபார்ப்பு எதுவும் நடக்காது என்பதால், அச்சுப்படியை மட்டும் கோப்பில் கோத்து வைக்கும் வீட்டு உரிமையாளரிடமும் பிடிஎஃப் கோப்பை அனுப்பி வைக்குமாறு வற்புறுத்துகிறேன்.

வாடகை, வேலை, கடன் ஆவணங்களுக்குத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். உயிலுக்குத் தாளும், பேனாவும், நேரில் கையெழுத்திடும் இரண்டு சாட்சிகளும் வேண்டும்.