பழைய ஓட்டு வீட்டை வாங்கி ஆறு வருடம் குடியிருந்த அனுபவம்

2018 தை மாதம் கும்பகோணத்தில் இரண்டு வீடுகள் பார்த்து வைத்திருந்தோம். ஒன்று, சாவி வாங்கியதும் பால் காய்ச்சிக் குடிபோகலாம் என்கிற நிலையில் இருந்த பிளாட். இன்னொன்று திண்ணை, ரேழி, முற்றம் எல்லாம் உள்ள நாட்டு ஓட்டு வீடு, பல வருடமாகப் பூட்டிக் கிடந்தது. விலை பத்து லட்சம் குறைவு. முற்றத்து வெளிச்சம் பிடித்துப்போய் அதையே வாங்கினோம்.

ஓட்டைப் பிரித்ததும் அந்தப் பத்து லட்சம் கரையத் தொடங்கியது. ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டையைக் கையால் அழுத்தினால் மாவாகக் கொட்டியது, அவ்வளவு கரையான். உத்திரம் மட்டும் தேக்கு, தட்டினால் கணீரென்றது. நாலு மாத வேலை என்றார்கள், பதினொரு மாதம் இழுத்தது. அதுவரை வாடகை ஒரு பக்கம், வங்கித் தவணை ஒரு பக்கம். வருமான வரியிலும் ஒரு விஷயம் இருக்கிறது: குடியிருக்கும் வீட்டை வாங்க எடுத்த கடனுக்குப் பழைய வரி முறையில் வருடம் 2 லட்சம் வரை வட்டியைக் கழிக்கலாம். பழுதுபார்க்க எடுத்த கடன் என்றால் 30,000 ரூபாய்தான்.

எல்லாவற்றையும் விட எங்களைப் படுத்தியது கூடத்துச் சுவர். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டியது, அடியில் காரை பெயர்ந்திருந்தது. "சிமெண்டு பூசிட்டா அசையாது சார்" என்றார் கொத்தனார். பூசினோம். குடிவந்த பிறகு வந்த முதல் ஐப்பசி மழையில் ஓதம் இரண்டடி மேலே ஏறியது. வெள்ளையாக உப்புப் பூத்து, பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து இழுக்கும் ஈரத்தைப் பூச்சு வழியாகவே வெளியே விட்டு உலரும். சிமெண்டு அந்த வழியை அடைத்துவிட்டது. 2021 கோடையில் அத்தனையையும் கொத்தி எடுத்துவிட்டு, வயதான கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடித்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சாந்தைப் பூசினோம். அதன்பின் நாலு மழைக்காலம் போய்விட்டது. கார்த்திகையில் சுவரடி கொஞ்சம் கறுக்கிறது, மாசிக்குள் காய்ந்துவிடுகிறது.

அந்த பிளாட்டை நண்பர் ஒருவர் வாங்கினார். அடுத்த மாதமே குடிபோனார். மேல்வீட்டுக் குளியலறைக் கசிவைத் தவிர அவருக்குப் பெரிய குறையில்லை. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறீர்கள், வேலை நடக்கும் இடத்தில் தினமும் நிற்க ஆளில்லை என்றால் ரெடியாக இருப்பதையே வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். எங்கள் வீட்டில் அப்பா பதினொரு மாதமும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் இல்லாவிட்டால் இது முடிந்திருக்காது.

பழைய வீடுதான் வேண்டும் என்றால் ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பாருங்கள். நாங்கள் பார்த்தது தை மாதக் கடைசியில். பொங்கலுக்கு வெள்ளையடித்திருந்தார்கள், அந்தச் சுவர் பளிச்சென்று இருந்தது.