ஏசி ரவுட்டருக்கு ஃபேன் ஆகாது: நான்கு வருட அனுபவம்

போன வாரம் ரவுட்டரின் அடாப்டர் உயிரை விட்டது. பக்கத்துக் கடையில் வேறொரு 12 வோல்ட் அடாப்டர் வாங்கி மாட்டியதும் ரவுட்டர் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்துகொண்டது. அன்றைக்கே நண்பன் ஒருவன் கூப்பிட்டு, "டேய், உன்கிட்ட இருக்கிற அந்த நாலு ஆன்டெனா ரவுட்டர் பாதி விலைக்கு வந்திருக்கு, வாங்கலாமா?" என்றான். பதில் சொல்ல ஆரம்பித்த இரண்டாவது நிமிடமே எனக்குக் கோபம் வந்துவிட்டது. சரி, எழுதியே அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். பிராண்ட் பெயர் வேண்டாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீடு முழுக்க எட்டுகிறது, சூடாவதில்லை, அடாப்டரைத் தவிர எதுவும் பழுதானதில்லை. இனிமேல் புகார்தான்.

இதை வாங்கியதே எம்யூ-மைமோவுக்காக. ஒரே நொடியில், ஒரே அலைவரிசையில், பல போன்களுக்குத் தனித்தனி டேட்டா, 802.11 ஏசி என்ற வைஃபை தரத்தில் நான்கு பேர் வரை. அதற்கு ஒவ்வொரு போனுக்கும் தனக்கும் நடுவில் அலை எந்தச் சுவரில் பட்டு எப்படி வருகிறது என்பது ரவுட்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சேனல் எஸ்டிமேஷன் என்பது அதுதான். அந்தப் பாதைக் கணக்குக்குக் குறியீடு ஹெச். கல்லூரியில் "ஹெச் தெரியும் என்று கொள்க" என்று கேள்வித்தாளில் அரை வரியில் முடித்துவிடுவார்கள். வீட்டில் அந்த ஹெச் சும்மா கிடைப்பதில்லை.

ரவுட்டர் முதலில் ஓர் அறிவிப்பு விடும், அடுத்து டேட்டா எதுவும் இல்லாத ஒரு வெற்றுப் பாக்கெட்டை அனுப்பும். போன்கள் அதைக் கேட்டு, பாதையை அளந்து, கோணங்களாகச் சுருக்கி, ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பும். நான் இதை நலம் விசாரிப்பு என்று சொல்வது வழக்கம். லேப்டாப்பைக் காற்றில் போகும் எல்லாப் பாக்கெட்டையும் ஒட்டுக்கேட்கும் மானிட்டர் மோடில் போட்டு, பாக்கெட்டைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் பிடித்துப் பார்த்தேன். என் வீட்டில் சுமார் 100 மில்லி வினாடிக்கு ஒரு விசாரிப்பு நடக்கிறது. பரவாயில்லையே என்றுதான் முதலில் தோன்றியது.

அப்புறம்தான் ஹாலில் சுற்றும் ஃபேனை நிமிர்ந்து பார்த்தேன். அலை சுவரில் மட்டுமா, அதன் இறக்கையிலும் பட்டுத்தான் வருகிறது. நிமிடத்துக்கு 350 சுற்று என்று வைத்துக்கொண்டால், 100 மில்லி வினாடியில் இறக்கை அரைச் சுற்றைத் தாண்டிவிடும். 5 கிகாஹெர்ட்ஸில் அலைநீளமோ ஆறு சென்டிமீட்டருக்கும் குறைவு, பாதை அதில் ஒரு பங்கு மாறினாலே கணக்கு மாறிவிடும். ரவுட்டர் கையில் வைத்திருக்கும் ஹெச், இறக்கை எப்போதோ நின்றிருந்த இடத்தின் ஹெச். பெயரில் மட்டும் ஏசி, ஃபேன் போட்டால் ஆகவில்லை!

இதில் ஒரு நுணுக்கம் எனக்கு வெகு நாள் பிடிபடவில்லை. ஒரே போனை நோக்கி அலையைக் குவிக்கும்போது கணக்கு கொஞ்சம் பழையதாக இருந்தாலும் பெரிய நஷ்டமில்லை. மலை உச்சியிலிருந்து இரண்டடி தள்ளி நின்றாலும் உயரத்தில்தான் இருப்போம். பல போன்கள் என்றால் அப்படியில்லை. என் போனுக்கான அலை அம்மாவின் போன் இருக்கும் இடத்தில் மட்டும் அடங்கிப்போக வேண்டும். அந்தப் பள்ளம் ஊசி முனை அளவுதான். அது கொஞ்சம் நகர்ந்தாலே என் வீடியோ அவர் போனில் இரைச்சலாகப் போய் விழும். பாக்கெட் தொலையும், மறுபடி அனுப்பும், வேகம் இறங்கும்.

அடிக்கடி விசாரித்தால் என்ன? செய்யலாம், விலை உண்டு. நான்கு ஆன்டெனா, 80 மெகாஹெர்ட்ஸ் அகலம், ஒற்றை ஆன்டெனா போன். அந்த அகலத்தைப் பிரித்த சின்னச் சின்னத் துணை அலைகளைச் சேர்த்துச் சுருக்காமல் முழுத் துல்லியத்தில் அனுப்பினால் 234 துணை அலை, ஒவ்வொன்றுக்கும் 48 பிட், மொத்தம் ஒரு பதிலுக்கு 1.4 கிலோபைட். 24 மெகாபிட் வேகத்தில் அரை மில்லி வினாடி பிடிக்கும். மூன்று போனுக்கு ஒன்றரை. ஃபேனைத் துரத்துகிறேன் என்று 5 மில்லி வினாடிக்கு ஒரு தடவை கேட்டால், நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நலம் விசாரிப்பதிலேயே போய்விடும்.

ஆகையால் இயற்பியலோடு எனக்குச் சண்டை இல்லை. சண்டை அந்தச் செட்டிங்ஸ் பக்கத்தோடு. சுவரில் மாட்டிய டிவி எங்கும் போகாது, அதை எப்போதாவது கேட்டால் போதும். கையோடு அலையும் போனை அடிக்கடி கேட்கலாம், இல்லையென்றால் குழுவிலேயே சேர்க்காமல் விடலாம். இந்த ரவுட்டர் எல்லோரையும் ஒரே தாளத்தில் கேட்கிறது. எம்யூ-மைமோவுக்கு என்று எனக்குக் கொடுத்திருப்பது ஒரே ஒரு பொத்தான்: ஆன், ஆஃப். நான்கு வருடத்தில் எத்தனையோ ஃபர்ம்வேர் வந்தாயிற்று, பொத்தான் அப்படியே இருக்கிறது.

5ஜி டவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். பலவற்றில் போவதற்கும் வருவதற்கும் ஒரே அலைவரிசை என்பதால், போன் அனுப்பும் ஒரு தெரிந்த சிக்னலைக் கேட்டு டவரே பாதையைக் கணித்துக்கொள்ள முடியும். போன் கட்டுரை எழுதி அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் அனுப்பும் சர்க்யூட்டும் வாங்கும் சர்க்யூட்டும் ஒன்றுபோல் இருக்காது, அதைச் சரிக்கட்ட கேலிப்ரேஷன் வேண்டும். 2009-இல் வந்த 802.11n என்ற முந்தைய வைஃபை தரத்தில் இந்த வழியும் இருந்தது, வேறு சில வழிகளும் இருந்தன. ஆளுக்கொன்றைச் செய்து ஒன்றோடொன்று பேசாமல் போனதால், 2013-இல் ஏசி தரம் வெற்றுப் பாக்கெட் முறை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டது. நியாயமான முடிவுதான்.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்றும் கிடைத்தது. வயர்ஷார்க்கில் பிடித்த கோணங்களை ஒரு நாள் வரைபடமாகப் போட்டேன். ஃபேனை நிறுத்தினால் கோடு தரையாகக் கிடக்கிறது, போட்டதும் நடுங்குகிறது. ஃபேன் நின்றிருந்தபோது ஒரு தடவை கோடு மெல்ல அலையடித்து அடங்கியது. திரும்பிப் பார்த்தால் அம்மா காபியோடு வந்துகொண்டிருந்தார். அன்று இரவு இரண்டு மணி வரை தூங்கவில்லை. (அந்தப் பதில்கள் பூட்டில்லாமல்தான் போகின்றன. என் வீட்டில் யார் நடக்கிறார் என்று பக்கத்து வீட்டுக்காரரும் பார்க்கலாம். அதையும் நினைத்துக்கொண்டேன்.)

இரண்டு வருடமாகப் பொத்தான் ஆஃபில்தான் இருக்கிறது. எதற்காக வாங்கினேனோ அதை அணைத்த பிறகுதான் வீட்டில் எல்லோருக்கும் நெட் ஒழுங்காக வருகிறது.

நண்பனுக்கு: வாங்காதே, பாதி விலைக்கும் வேண்டாம். இதைப் படித்துவிட்டு, "அப்ப உன்னோடதை எனக்குக் குடுத்துடு" என்று கேட்பாய். தர மாட்டேன். அடுத்த வாரம் ஃபேன் ரெகுலேட்டரை ஒவ்வொரு எண்ணிலும் வைத்துக் கோட்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது.