ஆளுக்கு ஐம்பது தோட்டா: டல்லாஸ் பக்கம் ஒரு துப்பாக்கி வகுப்புக்குப் போன கதை

2023 மே 6, சனிக்கிழமை. டல்லாஸ் பக்கத்தில் இருக்கும் ஆலன் ஊர் அவுட்லெட் மாலில் ஒருவன் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றான். அதற்கு முந்தின வாரம்தான் பையனுக்கு ஷூ வாங்க அங்கே போயிருந்தோம். வீட்டில் துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கு எங்களுக்குள் அன்றைக்கு ஆரம்பித்தது.

"நம்மகிட்ட ஒண்ணு இருந்தா" என்று ஆரம்பிப்பார் என் கணவர். அவனை வீழ்த்தியது வேறு வேலையாக அங்கே வந்திருந்த ஒரு போலீஸ்காரர், ஷூ வாங்க வந்தவர் இல்லை என்பேன் நான். துப்பாக்கி கையில் இருந்ததால்தானே முடிந்தது என்பார். அந்த ஒரே போலீஸ்காரரை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தோம். கடைசியில் ஒரு சமாதானம்: இரண்டு பேரும் ஒரு ஆரம்ப வகுப்புக்குப் போவது, மற்றதை அப்புறம் பேசுவது.

போனது ஆலன் இருக்கும் அதே காலின் கவுண்டியில் ஓர் உள்ளரங்க ரேஞ்ச், அதாவது சுட்டுப் பழகும் இடம். குறையும் சொல்லப் போவதால் பெயர் போடவில்லை. ஆளுக்கு 95 டாலர், மூன்று மணி நேரம். துப்பாக்கி வாடகை, கண்ணாடி, காது மூடி எல்லாம் அதில் அடக்கம். தோட்டாவுக்குத் தனிக் காசு.

பதிவு செய்யும்போதே ஒன்றைக் கவனியுங்கள். க்ரீன் கார்டு இருந்தால் பிரச்சினை இல்லை. எச்1பி மாதிரி தற்காலிக வேலை விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதையே மத்தியச் சட்டம் தடுக்கிறது. விலக்குகளில் ஒன்று, செல்லுபடியாகும் வேட்டை உரிமம். அதனால் ரேஞ்சில் அதைக் கேட்பார்கள். எங்களோடு வந்த நண்பர் முட்டைகூடத் தொடாத ஆள். 25 டாலர் கட்டி டெக்சாஸ் வேட்டை உரிமம் எடுத்துக்கொண்டு வந்தார். கவுண்டரில் இருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "மானா, பன்றியா?" என்று கேட்டார். நண்பர் "இன்னும் முடிவு பண்ணலை" என்றார்.

இன்னொரு விதியும் இருக்கிறது. முதல்முறை தனியாக வந்து வாடகைத் துப்பாக்கி கேட்டால் தரமாட்டார்களாம், துணைக்கு ஒருவர் வேண்டும். ஏன் என்று கேட்டேன். "தனியாக வருபவர்களில் சிலர் திரும்பிப் போக வருவதில்லை" என்றார் பயிற்சியாளர். அப்புறம் அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பயிற்சியாளர் ஓர் அம்மா; அறுபது வயது இருக்கும், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. இந்த வகுப்புக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் முக்கால்வாசி அவருக்குத்தான். முதல் ஒரு மணி நேரம் துப்பாக்கியைத் தொடவே விடவில்லை. எந்தத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே நினை, சுடும் நொடி வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும் என்று எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் பத்துத் தடவை சொன்னார். சட்டமும் சொன்னார். 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயதானவர், சட்டத் தடை எதுவும் இல்லையென்றால், உரிமமே இல்லாமல் கைத்துப்பாக்கியோடு நடமாடலாம். கடையில் வாங்கினால் படிவமும் பின்னணிச் சரிபார்ப்பும் உண்டு. அக்கம்பக்கத்து ஆளிடம் வாங்கினால் மத்தியச் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. அந்த அம்மா எப்போதும் இடுப்பில் துப்பாக்கி வைத்திருப்பவர். ஆனால் வகுப்பறையில் ஆசிரியர்கள் வைத்திருப்பது பற்றிக் கேட்டதற்கு, "இருபத்தைந்து பிள்ளைகள் நடுவில் என் பையை நான் எங்கே வைத்தேன் என்றே எனக்குத் தெரியாது" என்று சிரித்தார்.

நான் வளர்ந்தது தேனிப் பக்கம். தாத்தாவிடம் தோட்டத்துக்காக உரிமம் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. அது சுட்டு நான் பார்த்ததே இல்லை. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், முடிந்ததும் ரசீதைக் காட்டி வாங்கி வர வேண்டும். என் நினைவில் துப்பாக்கி என்றால் ஒரு ரசீதும் தாத்தாவின் முணுமுணுப்பும்தான். பின் வரிசையில் இருந்த நர்ஸுக்கு அது ராத்திரி பதினொன்றரை மணிக்குக் காலியான பார்க்கிங் லாட். பக்கத்தில் இருந்த பெரியவருக்கு அவர் அப்பாவோடு போன முதல் மான் வேட்டை. ஒரே அறையில் உட்கார்ந்து வேறு வேறு பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

சுடும் பகுதிக்கு வருகிறேன். மேகசினில், அதாவது துப்பாக்கிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியில், தோட்டா நிரப்புவதுதான் முதல் அடி. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அவ்வளவு விறைப்பு; ஏழாவது தோட்டாவில் என் கட்டைவிரல் நகம் உடைந்தது. முதலில் .22 என்ற சின்னத் தோட்டா போடும் துப்பாக்கி, அப்புறம் ஒன்பது எம்.எம். தோட்டா போடும் க்ளாக் கைத்துப்பாக்கி. குறி ஏழு கெஜத்தில். தீபாவளி வாசனை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. இந்த மருந்தில் கந்தகம் இல்லை. காரமான, எண்ணெய் கலந்த ஒரு வாடைதான்.

இரண்டாவது மேகசினில் அந்த அம்மா எனக்குத் தெரியாமல் ஒரு பொய்த் தோட்டாவைச் செருகிவிட்டார். விசையை அழுத்தினேன். டிக். வெடிக்கவே இல்லை, ஆனால் துப்பாக்கி முனை மட்டும் சட்டென்று கீழே குனிந்தது. சத்தம் வரும் முன்பே என் கை பயந்துபோய்க் குனிந்திருக்கிறது. "இதுதான் உன் குறி தப்பும் காரணம்" என்றார். ஆனாலும் கடைசியில் என் தாளில் பத்தில் ஏழு நடுவட்டத்துக்குள். கணவருக்கு நான்கு. காரில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

குறை இரண்டு. எங்கள் வகுப்பு நடக்கும்போதே பக்கத்து லேனைப் பொதுவில் விட்டிருந்தார்கள். அங்கே ஒருவர் ரைஃபிளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறை சுடும்போதும் சத்தம் காதில் இல்லை, நெஞ்சில் விழுந்தது. காதுக்குள் பஞ்சு, மேலே மூடி, இரண்டும் போட்டும் அந்த அம்மா சொன்னதில் பாதி கேட்கவில்லை. ஆரம்ப வகுப்புக்கு லேன்களைத் தனியாக ஒதுக்க முடியாதா?

இரண்டாவது, வெளியே வரும் வழி கடை வழியாகத்தான். கவுண்டர்க்காரர் என்னைப் பார்த்ததும் இளஞ்சிவப்புக் கைப்பிடி போட்ட குட்டி ரிவால்வரை எடுத்து வைத்தார். பெண்களுக்கு இதுதான் வசதியாம். பத்து நிமிடம் முன்புதான் உள்ளே அந்த அம்மா, எடை குறைந்த சின்னத் துப்பாக்கிதான் கையை அதிகமாக உதைக்கும், புதிதாகப் பழகுபவர்களுக்கு அது ஆகாது என்று சொல்லியிருந்தார். விற்பவர் ஒருநாள் அந்த வகுப்பில் உட்காரலாம்.

இந்த வகுப்பில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் சுடுவது இல்லை. மகள் தோழி வீட்டில் இரவு தங்கப் போகும்போது என்ன கேட்பது என்று இத்தனை நாள் தெரியாமல் முழித்திருக்கிறேன். அந்த அம்மா சொல்லிக் கொடுத்தார்: வேர்க்கடலை அலர்ஜி இருக்கிறது என்று சொல்வோம் இல்லையா, அதே மூச்சில், அதே குரலில், "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா" என்று கேள். தோட்டா போட்ட துப்பாக்கியைக் கவனக்குறைவாக விட்டுவைத்து, அது 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை கையில் சிக்கினால் டெக்சாஸில் குற்றம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அடுத்த வாரமே கேட்டேன். அந்தத் தாய் கோபப்படவே இல்லை. பீரோ அளவுக்கு இருக்கும் சேஃபைப் படம் எடுத்து அனுப்பினார். அப்புறம் "உங்கள் வீட்டில்?" என்று திருப்பிக் கேட்டார். இல்லை என்று எழுதினேன். பக்கத்தில் நின்ற கணவர் "இப்போதைக்கு இல்லைன்னு போடு" என்றார். போடவில்லை.

ஐந்துக்கு நான்கு. பயிற்சியாளருக்கு ஐந்து, கடைக்கு இரண்டு. போகிறவர்கள் கழுத்து மூடிய சட்டை போட்டுக்கொண்டு போங்கள். சுட்ட தோட்டாவின் காலி உறை ஒன்று வலப்பக்கம் தெறித்து, சுவரில் பட்டு, என் குர்தா கழுத்து வழியாக உள்ளே விழுந்தது. தோசைக்கல்லைத் தொட்டது மாதிரி சுட்டது. கையில் துப்பாக்கி இருக்கிறது, குதிக்கவும் கூடாது, முனையைத் திருப்பவும் கூடாது. அதைக் கீழே வைக்கும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். தழும்பு இன்னும் இருக்கிறது.